படிவத்தில் நான் மாற்றிய சொல்

விசா என்று யாராவது வாயெடுத்தால் இப்போதும் எனக்கு முதலில் முழங்கால்தான் வலிக்கிறது. மகளின் ஒரே ஒரு விசாவுக்காக ஐந்து மாதத்தில் நான் நின்ற நிலையும் அலைந்த அலைச்சலும் முப்பத்து மூன்று வருட அரசாங்க சர்வீஸில்கூட எனக்கு வாய்த்ததில்லை. அந்த சர்வீஸில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், மற்றவர்கள்தான் நின்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் புனேயை ஒட்டிய நிக்டியில் இருந்தோம். மகள் புனே நகருக்குள் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அவளாகவே கடிதம் கடிதமாக எழுதிப்போட்டாள். எல்லாம் சைபர் கஃபேயில் உட்கார்ந்து அனுப்பிய மெயில்கள். ஒரே ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட நாள். பதிலை அச்செடுத்து, நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தாள்.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஆறு வாரம் அவள் அங்கே வந்து வேலை கற்கலாம் என்று கடிதம் சொன்னது. அந்த ஆறு வாரத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு அவள்தான் விளக்கினாள். அங்குள்ள டாக்டர் ஒருவர் அவள் வேலையைக் கண்ணால் பார்த்து ஒரு சிபாரிசுக் கடிதம் தந்தால், பின்னால் அங்கே மேற்பயிற்சிக்கு இடம் கிடைக்க வழி உண்டு. அது இல்லாமல் இங்கிருந்து விண்ணப்பித்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த ஏற்பாடு படிக்கிற மாணவர்களுக்கு மட்டும்தான். டிகிரி வாங்கிவிட்டால் கிடையாது. பரீட்சைக்கு முன்னால் அவளுக்கு இருந்த இடைவெளியும் அந்த ஆறு வாரம்தான்.

நான் கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து வாசித்தேன். அலுவலகப் பழக்கம், எந்தக் கடிதத்தையும் முழுசாக வாசிக்காமல் கீழே வைக்க மாட்டேன். மூன்றாவது வரியில் 'கிளினிகல் க்ளார்க்ஷிப்' என்று இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்னது இது, க்ளார்க்ஷிப்?"

"அப்படித்தாம்ப்பா சொல்லுவாங்க. பேஷண்ட்கிட்ட ஹிஸ்டரி கேக்கணும், கேஸ் ஷீட் எழுதணும், சீனியர்கூட ரவுண்ட்ஸ் போகணும். அதுக்குப் பேரு அதுதான்."

என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள். "எழுதுத வேலைதானா? அப்போ அப்பா வேலைதான். அதுக்கு ஏம்ட்டீ அமெரிக்கா போகணும்?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கட்கியில் ராணுவக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் க்ளார்க். கடைசிவரை க்ளார்க்தான். கீழ்நிலை க்ளார்க்காகச் சேர்ந்து மேல்நிலை க்ளார்க்காக ஓய்வு பெற்றேன். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் சொந்தபந்தத்தில் ஒருவருக்கும் நான் க்ளார்க் என்று தெரியாது. என் மனைவி 'டிஃபென்ஸ்ல இருக்காங்க' என்பாள். கேட்பவர்கள் துப்பாக்கியை நினைத்துக்கொள்வார்கள், நாங்களும் திருத்த மாட்டோம். மகளின் பள்ளிக்கூடப் படிவங்களில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'சர்வீஸ்' என்று எழுதுவேன். அந்த ஒரு சொல்லில் கலெக்டரும் அடக்கம், கடைநிலை ஊழியரும் அடக்கம். க்ளார்க் என்ற சொல்லை நான் பொய் சொல்லி மறைத்ததில்லை. எழுத வேண்டிய இடத்தில் வேறு சொல் போட்டு எழுதினேன், அவ்வளவுதான். முப்பது வருடம் கோப்பு எழுதியவனுக்கு அந்த வித்தை தெரியாதா?

இவளை டாக்டருக்குப் படிக்கவைத்ததே அந்தச் சொல் எங்கள் வீட்டை விட்டுத் தொலையட்டும் என்றுதான். அமெரிக்காவிலிருந்து அது தபாலில் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வேலை, எந்த விசா என்று கண்டுபிடிப்பது. அதை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு ஆஸ்பத்திரி டியூட்டியும் வகுப்பும் போக மூச்சுவிட நேரமில்லை. நான் ஒரு கோப்பு திறந்தேன். மேலட்டையில் பொருள் எழுதி, பக்க எண் போட்டு, யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று குறித்துவைத்தேன். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அது எண்ணமாகவே இருந்திருக்கலாம்.

முதலில் சிஞ்ச்வடில் ஒரு டிராவல் ஏஜெண்ட். அவர் கடிதத்தைத் தொடக்கூட இல்லை. டூரிஸ்ட் விசா போடுங்கள், கேட்டால் 'கூம்னே ஜா ரஹீ ஹூம்' என்று சொல்லட்டும், சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றால் யார் தடுப்பார்கள் என்றார். வீட்டில் வந்து சொன்னதும் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய் சொல்லிட்டுப் போயி ஒரு பேஷண்ட் பக்கத்துல எப்படிப்பா நிக்கது? பிடிச்சா வாழ்நாளுக்கும் உள்ள விடமாட்டான், தெரியுமா?" என்றாள். கோப்பில் 'ஏற்பதற்கில்லை' என்று எழுதினேன்.

பிறகு மகர்பட்டாவில் ஒரு கோயம்புத்தூர்க்காரப் பையன். என் அலுவலக நண்பரின் மருமகன், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான், இரண்டு தடவை அமெரிக்கா போய்வந்தவன். நிக்டியிலிருந்து மகர்பட்டாவுக்கு மூன்று பஸ் மாறி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். வாசலில் காவலாளியின் பதிவேட்டில் பெயர், நேரம், வந்த காரணம் எல்லாம் எழுதச் சொன்னார்கள். வந்த காரணம் என்பதற்கு 'பர்சனல்' என்று எழுதினேன். பையன் தங்கமான பிள்ளை. காபி கொடுத்தான், உட்காரவைத்தான், ஒரு மணி நேரம் பேசினான்.

"ஹெச்-ஒன் போட்டரலாங்க சார். அதுதானுங்க பெஸ்ட்டு. எங்க கம்பெனில எல்லாத்துக்கும் அதுதானுங்க."

"தம்பி, அவ வேலைக்குப் போகலை. படிக்கிற பொண்ணு. சம்பளம் கிடையாது."

"சம்பளம் இல்லீங்களா?" அவன் முகத்தில் பரிதாபம் வந்துவிட்டது. "அப்ப எதுக்குங்க போறாங்க?"

அவனுக்குத் தெரிந்த ஊரில் அந்த ஒரு தெருதான் இருந்தது. திரும்பி வர மூன்று பஸ். ஹடப்சர் பாலத்தருகே ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றேன். வீட்டுக்கு வந்து 'பயனில்லை' என்று மட்டும் எழுதினேன், பையனைப் பற்றிக் குறையாக எழுத மனம் வரவில்லை.

மூன்றாவது ஆள் எங்கள் மாடிக்குடித்தனக்காரர். மராத்திக்காரர், போசரியில் ஒரு பட்டறைத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். தொண்ணூறுகளில் அவரைக் கம்பெனி மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது, புது இயந்திரம் ஒன்றை ஓட்டக் கற்றுவர. திரும்பி வந்து எத்தனையோ வருடமாகியும் கட்டடத்தில் அவரைப் பற்றிப் பேசினால் 'ட்ரெய்னிங் போய்ட்டு வந்தவர்' என்றுதான் பேசுவார்கள். மாடிப்படியில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். க்ளார்க்ஷிப் என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அரே வா! பேட்டி ட்ரெய்னிங் கே லியே ஜா ரஹீ ஹை? பஹுத் படீ பாத் ஹை!"

பெண் பயிற்சிக்குப் போகிறாளா, பெரிய விஷயமாயிற்றே என்றார். எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது. சரியான சொல் இதுதானே, இதை விட்டுவிட்டு அந்த அமெரிக்காக்காரன் ஏன் க்ளார்க் என்கிறான் என்று தோன்றியது. விசாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எந்த விசா என்பதைக் கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள். நான் ஒன்றரை மாதம் பஸ்ஸில் தேடியதை அவள் சைபர் கஃபேயில் இரண்டு மணி நேரத்தில் தூதரகத்தின் இணையப் பக்கத்திலேயே வாசித்துவிட்டு வந்தாள். மாணவர் விசா கிடையாது, அதற்கு அங்கே கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்கும் மேற்பயிற்சிக்கும் போகிறவர்களுக்கு ஒரு விசா உண்டு, அது டிகிரி வாங்கியவர்களுக்கு. இவளைப் போல வெளிநாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருப்பவர்கள், சம்பளமில்லாமல், படிப்பின் ஒரு பகுதியாக அங்கே வந்து க்ளார்க்ஷிப் செய்ய பிசினஸ் விசிட்டர் விசாதான் போட வேண்டும்.

"பிசினஸா?" என்றேன். "நீ என்ன வியாபாரம் பண்ணப் போற?"

"பேருதாம்ப்பா அது. உள்ள விளக்கம் கரெக்டா இருக்கு. க்ளார்க்ஷிப்னு அதே வார்த்தை போட்டிருக்கான். காலேஜ்லேருந்து ஒரு லெட்டர் வேணும். ஃபார்ம நீங்க ஃபில் பண்ணிருங்கப்பா, உங்க ஹேண்ட்ரைட்டிங் நல்லாருக்கும். லெட்டர்ல இருக்க மாதிரியே எழுதுங்க, பஸ்."

பஸ் என்றால் எங்கள் வீட்டில் அவ்வளவுதான் என்று அர்த்தம். அவள் தமிழில் பாதி இப்படித்தான் மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து வரும். லெட்டரில் இருக்கிற மாதிரியே எழுதச் சொன்னாள். நான் அதைக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த க்ளார்க் என் வயதுக்காரர், மராத்திக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். டிராஃப்ட் எழுதிக்கொண்டு வாருங்கள், டைப் அடித்து டீனிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். 'மேலே மேற்கோளில் கண்ட ஆஸ்பத்திரியின் கடிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ள ஏற்பாட்டில் மேற்படி மாணவி கலந்துகொள்வதில் இக்கல்லூரிக்கு ஆட்சேபனை இல்லை.' க்ளார்க்ஷிப் என்ற சொல் ஓர் இடத்திலும் வராமல், ஆனால் எல்லாவற்றையும் சொல்லியதுபோல் இருக்கும்படி எழுதியிருந்தேன். என் சர்வீஸில் எழுதிய நல்ல டிராஃப்டுகளில் அதுவும் ஒன்று. இப்போது நினைத்தால் கையை முறித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு விசாப் படிவம். ஒரு சனிக்கிழமை காலை மேஜையைத் துடைத்து, நல்ல பேனாவை எடுத்துவைத்து, பெரிய எழுத்தில் நிரப்பிக்கொண்டே வந்தேன். பயணத்தின் நோக்கம் என்ன என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'கிளினிகல் க்ளார்க்ஷிப்' என்று எழுத வேண்டும். என் மகள் பெயர் மேலே இருக்கிறது, இரண்டு அங்குலம் கீழே க்ளார்க் என்று என் கையாலேயே எழுத வேண்டும். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'மெடிக்கல் ட்ரெய்னிங்' என்று எழுதினேன். எழுதியபின் பார்க்கவும் லட்சணமாக இருந்தது. இரண்டும் ஒன்றுதானே, வெள்ளைக்காரன் ஒரு சொல்லுக்காகவா மல்லுக்கட்டப்போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டே, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். வாசிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் மும்பையில் நேர்காணல். விடிவதற்குள் ரயில் பிடித்து, டாக்ஸி பிடித்து, தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். விண்ணப்பதாரர் மட்டும்தான் உள்ளே போகலாம். சுவரை ஒட்டி வரிசை நின்றது. என்னைப் போன்ற அப்பாக்களும் அம்மாக்களும் தெருவுக்கு எதிர்ப்பக்கம், நடைபாதையில். மழை விட்டுவிட்டுப் பெய்தது. அவள் வரிசையிலேயே ஒன்றரை மணி நேரம் நின்றாள், அதன்பின் உள்ளே போய் இரண்டு மணி நேரம். உட்கார இடம் இல்லை. தன் மகனுக்காக நின்ற ஒரு குஜராத்திக்காரர் எனக்குப் பாதி தெப்லா ரொட்டி தந்தார். முழங்கால் வலி அன்றைக்கு ஆரம்பித்தது.

அவள் வெளியே வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. கையில் பாஸ்போர்ட்டும் ஒரு தாளும் இருந்தன. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தால் விசா இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் காலையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரயில் லோனாவ்ளா தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பேப்பர்ஸ் மேட்ச் ஆகலையாம்ப்பா. ஆஸ்பத்திரி லெட்டர்ல க்ளார்க்ஷிப்னு இருக்கு, ஃபார்ம்ல ட்ரெய்னிங்னு இருக்கு, காலேஜ் லெட்டர்ல ரெண்டுமே இல்ல. ட்ரெய்னிங்னா அதுக்கு வேற விசா. க்ளார்க்ஷிப்னா, இது எங்க படிப்புல ஒரு பகுதின்னு காலேஜ் அந்த வார்த்தைய போட்டு எழுதித் தரணுமாம். திரும்ப அப்ளை பண்ணச் சொல்லிட்டாங்க."

"கோபமாப் பேசினாங்களா?"

"இல்லப்பா. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க."

படிவத்தை நிரப்பியது நான் என்பது இருவருக்கும் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சிவாஜிநகரில் இறங்கி நிக்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பையையும் அவளே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

மறுபடியும் கல்லூரி அலுவலகம். அக்டோபர் முதல் தேதிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. க்ளார்க் என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். டீன் டெல்லிக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள். அடுத்த வாரம் போனேன், டைப் அடிப்பவர் லீவு. மறுபடி போனேன், கணபதி உற்சவம் வந்துவிட்டது, அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி. நான்காவது தடவை, பரீட்சை வேலை தலைக்குமேல் இருக்கிறது, நாளைக்குப் பாருங்கள் என்றார். இந்தச் சொற்களையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். இதே குரலில், மேலே நிமிராமல், நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் எந்த ஊரிலிருந்து எத்தனை பஸ் மாறி வந்தான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் டிஃபென்ஸில் இருக்கிறேன் என்று இரண்டு தடவை இவர் காதில் போட்டும் பார்த்தேன். அப்படியா என்றார், அவ்வளவுதான்.

ஐந்தாவது தடவை டிராஃப்டை அவர் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை க்ளார்க்ஷிப் என்ற சொல் மூன்று இடத்தில் வரும்படி எழுதியிருந்தேன். அவர் வாசித்துவிட்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"க்யா சாஹேப், டாக்டர் லோக் பீ க்ளார்க் பன்னே அமேரிக்கா ஜாதே ஹைம்?"

டாக்டர்கள்கூட க்ளார்க் ஆக அமெரிக்கா போகிறார்களா என்று கேட்கிறார். அவர் கேலியில் விஷம் இல்லை. ஆனால் என்னால் தாங்க முடியவில்லை. களைப்பா, கோபமா, எது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்று உடைந்துபோய், எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன்.

"மீ பண் க்ளார்க்கச் ஆஹே."

நானும் க்ளார்க்தான். ஐம்பத்தேழு வயதில், பதவியை யாரும் கேட்காத ஓர் இடத்தில், முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். எந்த ஆபீஸ், எத்தனை வருட சர்வீஸ், மேல்நிலை க்ளார்க்கா, பிரமோஷன் ஏன் வரவில்லை என்று கேட்டார். பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சாயா சொன்னார். கடிதத்தைத் தானே டைப் அடித்து, டீன் அறைக்குள் தானே எடுத்துக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் கையெழுத்தும் முத்திரையுமாகக் கொண்டுவந்து கொடுத்தார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டுக்கொண்டார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு சாயா குடித்தேன்.

கடிதம் வந்துவிட்டது. நேர்காணல் தேதிதான் தோதாக வரவில்லை. கிடைத்த முதல் தேதி அக்டோபர் பாதியில் இருந்தது. மகள் ஆஸ்பத்திரிக்கு எழுதினாள், இரண்டு வாரம் தள்ளி வரலாமா என்று. நாலு நாளில் பதில் வந்தது. வருந்துகிறோம், இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, அடுத்து காலியாவது மே மாதத்தில், அப்போதும் நீங்கள் மாணவியாக இருந்தால் மீண்டும் எழுதவும் என்று. மே மாதத்தில் அவள் மாணவியாக இருக்கப்போவதில்லை. அந்தப் பதிலை வாசித்துவிட்டு மடித்து என் கோப்பிலேயே வைத்தாள். "நம்பர் போட்டு வைங்கப்பா" என்றாள். நான் பக்க எண் போட்டேன். அதற்குமேல் அந்தக் கோப்பில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

என் மனைவி இரண்டு நாள் அழுதாள். பிறகு, போனால் போகட்டும், கண் காணாத தேசம், இங்கேயே இருக்கட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மகள் பரீட்சை எழுதினாள், தேறினாள். இங்கேயே மேற்படிப்புக்கும் இடம் வாங்கினாள் பிற்பாடு. அமெரிக்காவைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, காய்கறி வாங்கும்போது, அந்த இரண்டு அங்குல இடமும் அதில் என் அழகான கையெழுத்தும் கண் முன்னால் வந்து நிற்கும். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். எதைச் சொல்வது? தவறுதலாக எழுதிவிட்டேன் என்றால் மன்னித்துவிடுவாள். தெரிந்தே, வெட்கப்பட்டு எழுதினேன் என்று சொல்ல வேண்டுமே. அது வாயில் வரவில்லை.

அடுத்த வருடம் பயிற்சி டாக்டராக அவளைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு மூன்று மாதம் போட்டார்கள். ஸ்வார்கேட் நிலையத்தில் பஸ் ஏற்றிவிடப் போனேன். காலை பத்து மணி இருக்கும். பெட்டியை மேலே வைத்துவிட்டு, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தபின் நான் வெளியே வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றேன். பஸ் கிளம்ப நிறைய நேரம் எடுத்துக்கொண்டது. அவள் ஊருக்குப் போகிறாள், மூன்று மாதம் பார்க்கப்போவதில்லை, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்த விசா ஃபார்ம்ல... அது கவனப்பிசகு இல்ல. க்ளார்க்ஷிப்னு எழுத எனக்கு மனசு வரல. வேணும்னுதான் மாத்தி எழுதினேன்."

"தெரியும்ப்பா."

"ரயில்ல வரும்போது யோசிச்சியா?"

"இல்ல. அதுக்கு முன்னாலயே. வரிசையில நிக்கும்போது ஃபார்ம எடுத்து வாசிச்சேன். அப்பவே புரிஞ்சுபோச்சு."

"உள்ள போறதுக்கு முன்னயா?"

"ஆமா."

"அப்போ அத அடிச்சிட்டுச் சரியா எழுதியிருக்கலாம்லாம்மா. ஒரு வார்த்தைதான?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தாள். "முன்னால நின்ன பொண்ணுகிட்ட பேனா வாங்கினேன்ப்பா, அடிக்கதுக்குத்தான். நிமிந்து பாத்தேன். நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்னப் பாத்துக் கையாட்டுதீங்க. அவ்வளவு சந்தோஷமா. பேனாவத் திருப்பிக் குடுத்துட்டேன்."

கண்டக்டர் மணியை இழுத்தார். ஜன்னல் என்னைத் தாண்டிப் போயிற்று. அவள் எட்டிப் பார்த்து, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னாள் என்று நினைக்கிறேன், சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

அன்று மும்பையில் நடந்ததில் மழை எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் குஜராத்திக்காரர் தந்த தெப்லா, கால் வலி, சுவரோரம் அவள் போட்டிருந்த நீலச் சுடிதார் எல்லாம் நினைவிருக்கிறது. நான் கையாட்டியது நினைவில்லை. இத்தனை வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எப்போது ஆட்டினேன், எதற்காக ஆட்டினேன் என்று வரவே மாட்டேன் என்கிறது.